பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு: ஒரு தாயின் அனுபவம்

பிறந்த ஆறாம் நாள் மகள் பால் குடிக்க மறுத்தாள். காய்ச்சல் இல்லை, உடம்பு சில்லிட்டிருந்தது. ரத்தத்தில் கிருமி பரவினால் பச்சிளம் குழந்தைகளுக்கு இப்படியும் ஆகும் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்து, ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகளைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். முடிவு தெரிய 48 மணி நேரம். என் கட்டைவிரல் தடிமனே இருந்த அந்தக் கையில் ஊசி நழுவாமல் இரண்டு ராத்திரியும் பார்த்துக்கொண்ட நர்ஸை மறக்கவே மாட்டேன்.

ஒரு குறை உண்டு. ஒரு ஆராய்ச்சிக்கு ரத்த மாதிரி கேட்டு, ஒப்புதல் படிவத்தை நள்ளிரவில் நீட்டினார்கள். அழுதுகொண்டே எதைப் படிப்பது? காலையில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: கல்ச்சருக்குக் காத்திருக்காமல் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி தேடுகிறார்களாம், மறுத்தாலும் சிகிச்சை மாறாதாம். உடனே கையெழுத்துப் போட்டேன். ராத்திரியே இப்படிச் சொல்லியிருக்கலாம்.