மின்சாரக் காரில் இரண்டு வருடம், 32,000 கிமீ: காற்றும் டயரும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு வாரம் இருமுறை போய்வருகிறேன். கார் வாங்கும்போது எல்லோரையும் போல நானும் பேட்டரி எத்தனை யூனிட் என்றுதான் கேட்டேன். டயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காற்று அடங்கிய மாசி மாதக் காலையில் 80-இல் போனால் யூனிட்டுக்கு ஏழரை கிமீ கிடைக்கிறது. 100-இல் போனால் ஆறைத் தொடுவதே கஷ்டம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. வேகம் கால்வாசி கூடினால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். இவ்வளவுக்கும் மிச்சமாவது 12 நிமிடம்.

ஆடியில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்பினால் கணவாய்க் காற்று நேர் எதிரே வரும். அத்தனை காற்றாலைகளையும் சுற்றவைக்கும் அதே காற்றைத்தான் காரும் கிழித்துக்கொண்டு போக வேண்டும். மீட்டரில் 80, எதிர்க்காற்று 30 என்றால் காருக்கு அது 110. அந்தத் துண்டுக்கு மட்டும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன். போகையில் 5.2, திரும்புகையில் 9.8. வரும்போது ஈடாகிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆகாது. 110-இன் வர்க்கத்துக்கும் 50-இன் வர்க்கத்துக்கும் சராசரி 7,300. 80-இன் வர்க்கம் 6,400தான்.

அப்புறம் டயர். 24,000 கிமீயில் நான்கையும் மாற்றினேன். "சைஸ் ஒண்ணுதான் அண்ணாச்சி, எதைப் போட்டாலும் ஓடும்" என்றார் கடைக்காரர். ஓடியது. ஆனால் ஏழரை இருந்த இடத்தில் 6.8தான் வந்தது. டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) கொஞ்சம் தேய்ந்தபின் சற்றே தேறியது, பழைய கணக்குக்கு வரவே இல்லை. உருளும்போது ரப்பர் நசுங்கி நசுங்கி நிமிர்கிறது. அதில் போகும் சக்தி சூடாக வெளியேறுகிறது. ஒருநாள் வள்ளியூரில் டீக்கு நிறுத்தியபோது டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். பின்பக்க இடது டயர் மட்டும் கையைச் சுட்டது. மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் காற்று பார்த்தால் அதில் 26, மற்ற மூன்றிலும் 33.

ஊருக்குள் 40-இல் ஓட்டுபவர்கள் காற்றுத் தடைக்குக் கவலைப்பட வேண்டாம். அங்கே எடையும் டயரும்தான். என் வண்டியின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 65-ஐத் தாண்டியபின்தான் காற்றின் தடை டயரின் தடையை முந்துகிறது.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை டயரில் காற்று பார்க்கிறேன். அடுத்த செட், விலை கூடினாலும் உருளல் தடை குறைந்ததுதான். ஆடியில் இந்த வழியாக நாகர்கோவில் போகிறவர்கள் வழக்கத்தைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நெல்லையை விட்டுக் கிளம்புங்கள்.