உச்சிப்புளியில் ஐந்து பாட்டில் ஐ.பி.ஏ.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் தங்கை வீட்டுக்காரர் தை மாதம் ஊருக்கு வந்தபோது, சுங்கத்தில் அனுமதிக்கும் இரண்டு லிட்டருக்குள் அடங்கும்படி ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல் என்னும், ஹாப் கூடுதலாகச் சேர்த்த கசப்பான பீர் வகை) 355 மி.லி. பாட்டில்கள் ஐந்தை அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தார். சியாரா நெவாடா என்ற பீர் ஆலையின் டார்பிடோ இரண்டு, டாக்ஃபிஷ் ஹெட் என்ற ஆலையின் 90 மினிட் ஐ.பி.ஏ. இரண்டு, நான் பெயர் சொல்லப் போகாத வேறொரு வகை ஒன்று. "மச்சான், தண்ணி மாதிரி குடிச்சிராதீங்க, இது நம்ம ஊர் ஸ்ட்ராங் இல்ல" என்றார். நம் கடைகளில் ஸ்ட்ராங் என்று விற்பதில் ஆல்கஹால்தான் கூடுதல், ஹாப் பெயரளவுக்கே இருக்கும். இவற்றில் இரண்டுமே கூடுதல்.

ஹாப் என்பது ஒரு கொடியின் பெண்பூ. அதன் இதழடியில் இருக்கும் மஞ்சள் பொடியில்தான் கசப்பும் வாசனையும் இருக்கின்றன. கொதிக்கும் பார்லிச் சாற்றில் நெடுநேரம் கிடந்தால் கசப்பு இறங்கும், ஆனால் வாசனை ஆவியோடு போய்விடும். கடைசியில் போட்டாலோ, புளித்து ஆறிய பிறகு ஊற வைத்தாலோ வாசனை தங்கும். கசப்பை ஐ.பி.யூ. என்ற அளவால் குறிக்கிறார்கள். ஒரு லிட்டரில் கரைந்துள்ள கசப்புப் பொருள் ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் என்பதே அந்த எண். டார்பிடோவுக்கு 65, 90 மினிட்டுக்குப் பெயருக்கேற்ப 90.

சுவைப்பதற்கு முன் கிளாஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீன் புழங்கும் வீட்டில் கிளாஸில் ஒட்டிய எண்ணெய்ப் பசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நுரைக்குத் தெரியும். முதல் கிளாஸில் ஊற்றிய நுரை, அலை வற்றிய மணலில் தண்ணீர் இறங்குவது போல நிமிடத்துக்குள் அமுங்கிவிட்டது. உப்புப் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, துணி படாமல் கவிழ்த்து உலர்த்திய கிளாஸில் அதே பீர் இரண்டு விரல் கனத்துக்கு நுரை கட்டி, குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாகப் படிந்து நின்றது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடித்தால் நாக்கு மரத்து எதுவும் தெரியாது. நம் கடற்கரை வெக்கையில் ஐந்து நிமிடம் வெளியே வைத்தாலே போதும்.

டார்பிடோவில் ஆல்கஹால் 7.2 சதவீதம். ஹாப் அடைத்த எஃகு உருளை ஒன்றின் வழியாகப் பீரைச் சுற்ற விட்டு வாசனையை எடுக்கிறார்கள், அந்த உருளையின் பெயரே பீருக்கும் வந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறிய மணம், அதன் பின்னால் குங்கிலியம் புகைவதற்கு முன் கையில் வைத்து முகர்ந்தால் வருமே, அந்தப் பிசின் மணம். வாயில் வைத்ததும் கசப்பு முன்னால் வந்து நிற்கிறது. சுண்டைக்காய் வற்றலைக் கடித்ததற்கும் வேப்பங்கொழுந்தைக் கடித்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: இது சுண்டைக்காய்க் கசப்பு. சுத்தமாக வந்து, விழுங்கியதும் துவர்ப்பு எதுவும் மிஞ்சாமல் விலகி, அடுத்த மடக்குக்கு இடம் விடுகிறது. பொரித்த சீலா மீனோடு மிக நன்றாகச் சேர்ந்தது.

90 மினிட் 9 சதவீதம். 2001-இல் வந்த இந்த பீருக்காக டாக்ஃபிஷ் ஹெட்டின் நிறுவனர் சாம் கலாஜியோனி, தொண்ணூறு நிமிடக் கொதி முழுவதும் ஹாப்பைச் சிறுகச் சிறுக விழ வைக்க வழி தேடினார்; அதற்கு, அதிரும் தகட்டில் பொம்மைகள் ஓடும் ஒரு அமெரிக்கக் கால்பந்து விளையாட்டுப் பலகையைப் பயன்படுத்தினார். கசப்பு எண் இவ்வளவு உயர்ந்திருந்தும் இது டார்பிடோவை விடக் கசப்புக் குறைந்ததாகவே என் நாக்குக்குப் பட்டது. காரணம் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியின் கனம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சும்போது அடிப்பிடிக்கச் சற்று முன் எழும் மணமும், உலர் திராட்சையின் இனிப்பும் கசப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆகவே பாட்டிலின் மேலுள்ள எண்ணை மட்டும் பார்த்து இத்தகைய பீர்களை மதிப்பிடக் கூடாது என்பேன். கசப்பைத் தாங்க அடியில் என்ன இருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். இரண்டில் எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் ஒரு பாட்டிலை இருவர் பகிர்வதே சரியான அளவு. முண்டு மிளகாய் அரைத்துப் போட்ட நண்டு வறுவலோடு இதைக் குடித்தது என் தவறு. ஆல்கஹாலும் கசப்பும் காரத்தை மூட்டிவிட, தொண்டை எரிந்து பீரின் சுவையே தெரியாமல் போனது.

பெயர் சொல்லாத அந்த மூன்றாவது வகையின் பாட்டில் பச்சைக் கண்ணாடி. திறந்ததும் கருகிய ரப்பர் நாற்றம். ஹாப்பின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து கந்தகச் சேர்மமாக மாறும், அதைப் பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், பச்சைக் கண்ணாடி தடுக்காது. எந்தக் கடை விளக்கடியில் எத்தனை நாள் நின்றதோ, அரை கிளாஸுக்கு மேல் எங்களால் குடிக்க முடியவில்லை.

டார்பிடோவின் இரண்டாவது பாட்டிலை வேண்டுமென்றே சமையலறை அலமாரியில் ஆறு வாரம் வைத்திருந்து பங்குனியில் திறந்தேன். நார்த்தை மணம் அடியோடு போய், நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்திருந்தது. கசப்பு மட்டும் துணையின்றி நின்றது. பீரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நம் ஊரில் இப்படிப்பட்ட பாட்டில் கையில் கிடைத்தால் முதலில் தேதியைப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை வாங்க வேண்டாம், வாங்கியதை அன்றே குளிரில் வையுங்கள். 90 மினிட்டின் இரண்டாவது பாட்டில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இருக்கிறது. அதன் மால்ட் கனத்தால் தாக்குப்பிடிக்கும் என்று நம்பி, அடுத்த தைக்கு மாப்பிள்ளை வரும்வரை திறக்காமல் வைத்திருக்கிறேன்.