உப்புக்காற்றில் ஒரு ஏர் ரைஃபிள்: ராயபுரத்திலிருந்து சில அனுபவங்கள்

ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். ராயபுரத்தில் ஒரே ரைஃபிளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேகத்தை விடுங்கள், உங்கள் குழலுக்கு எந்தக் குண்டு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

என்னுடையது உள்நாட்டில் தயாரான 0.177 அங்குலத் துளை ரகம். குழலை மடக்கினால் ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. 0.53 கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10.6 ஜூல்தான் வரும். காகித இலக்குக்கு அதுவே தாராளம். கிடங்கில் எலித் தொல்லை, இதை வைத்து அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். சிமெண்ட் தரையில் பட்ட ஈயக் குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. எலிக்குப் பொறி இருக்கிறது.

வெளிநாடுகளில் தோட்டா ரைஃபிள் வைத்திருப்பவர்களில் சிலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பி, வெடிமருந்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஏர் ரைஃபிளில் வெடிமருந்துக்கே இடமில்லை. குண்டைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற 10 மீட்டர் போட்டியில், இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். அந்த அளவில் குண்டின் சிறு வேறுபாடுகூடப் புள்ளியைக் குறைத்துவிடும்.

பத்து மீட்டருக்குத் தட்டைத் தலைக் குண்டே சிறந்தது. காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளையிடும். அதிலும் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலையளவுகள் உண்டு. குழலை மடக்கி, குண்டு ஏற்றும் பின்முனையில் குண்டை வைத்துக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். என் குழலில் 4.49 தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். 4.51 லேசாக எதிர்த்து, குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் புரிகளைக் கவ்விக்கொண்டு நிற்கும். முதல் ரகத்தில் ஐந்து குண்டுகள் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சிதறின. இரண்டாவதில் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. உங்கள் குழலுக்கு இது தலைகீழாகவும் இருக்கலாம். அதனால் சிறு டப்பாக்களாக வாங்கிச் சோதித்துப் பாருங்கள். பிடித்தது கிடைத்ததும் அதே தொகுதி எண்ணில் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சௌகார்பேட்டை நகைக்கடைகளில் பயன்படும் மில்லிகிராம் தராசு ஒன்றில் குண்டுகளை எடை பார்த்துப் பிரிக்கிறேன். உண்மையைச் சொன்னால், நல்ல தயாரிப்புகளில் எடையால் வரும் பயன் குறைவு. பின்விளிம்பு நசுங்கிய குண்டுகளை வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்கி எறிவதில்தான் பலன் அதிகம்.

வட சென்னைக்கே உரிய தொல்லை, உப்புக்காற்று. காசிமேட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும் நாட்களில், துடைக்காமல் வைத்த குழலில் மறுநாளே செம்புள்ளிகள் தெரியும். சுட்டு முடித்ததும் எண்ணெய் தோய்ந்த துணியால் வெளிப்புறம் முழுக்கத் துடைத்துவிடுங்கள். பஞ்சு வைத்த பையில் பூட்டி வைக்காதீர்கள். பஞ்சு ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அலமாரியில் சிலிக்கா ஜெல் அவசியம். குண்டுகளையும் கவனியுங்கள். டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் ஈயத்தின்மேல் வெண்மையான மாவு படியும். அந்தக் குண்டுகளை நான் குழலில் ஏற்றுவதே இல்லை. எந்தக் குண்டைத் தொட்டாலும், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

துருவுக்குப் பயந்து, பிஸ்டன் காற்றை அழுத்தும் காற்றறைக்குள் எண்ணெய் விடுவது பெரும் கேடு. பிஸ்டன் அழுத்தும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு படார் என்று வெடிக்கும். புகை வரும், காற்று கசியாமல் அடைக்கும் சீல் கருகும், ஸ்பிரிங்கும் கெடும்.

சுடும்போது, முன்கையால் தாங்கும் முன்கட்டையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னும் உதைக்கும். உள்ளங்கையில் தளர்வாகக் கிடந்தால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும். அதே உதையில், குறிபார்க்க மேலே பொருத்தும் சாதாரண ஸ்கோப்பின் (தொலைநோக்கி) உள்பாகங்கள் கழன்றுவிடும். ஸ்பிரிங் ரைஃபிளுக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால், ரைஃபிளிலேயே குறிபார்க்க இருக்கும் இரும்புக் குறிமுள்ளே போதும். நான் இன்னும் அதில்தான் சுடுகிறேன்.