கோத்தகிரியில் ஒரு வீடும் ஓசிஐ அட்டையும்: பதின்மூன்று ஆண்டு அனுபவம்

நீலகிரியில் வீடு வாங்க விரும்பி வெளிநாட்டிலிருந்து எங்களிடம் விசாரிக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது விலையைப் பற்றி, அடுத்துத் தண்ணீரைப் பற்றி. அந்த வீட்டில் எந்த உரிமையின் பேரில், ஆண்டுக்கு எத்தனை நாள் தங்கப்போகிறோம் என்ற கேள்வியை இதுவரை இருவர் மட்டுமே கேட்டிருக்கிறார்கள். நானும் கணவரும் பிரிட்டன் குடிமக்கள். பிறந்து வளர்ந்தது கோவை மாவட்டத்தில். 2012-இல் கோத்தகிரியில் எட்டு சென்ட் மனையில் இருந்த ஒரு சிறிய ஓட்டு வீட்டை வாங்கினோம். கிரயப் பத்திரம் நமக்கு வீட்டைத் தருமே தவிர, அதில் வந்து தங்கும் உரிமையைத் தராது என்பதை இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் பலமுறை உணர்ந்திருக்கிறோம். அந்த உரிமை முழுவதும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டையில்தான் இருக்கிறது. ஆகவே இந்த அனுபவப் பகிர்வில் வீட்டைக் காட்டிலும் அட்டையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

நான் 1999-இல் பிரிட்டன் குடியுரிமை பெற்றேன். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அன்றே இந்தியக் குடியுரிமை நீங்கிவிட்டது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டியிருந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் ஓசிஐ திட்டம் விரிவடைந்த பின், 2008-இல் அட்டை வாங்கினேன். பெயரில் குடியுரிமை என்ற சொல் இருந்தாலும் வாக்குரிமையோ அரசுப் பணியோ இதில் கிடையாது. ஆயுள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து, எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ளத் தேவையில்லை. இங்கேயே வழக்கமாக வசிக்கும் அட்டைதாரர் மட்டும் நிரந்தர முகவரியோ தொழிலோ மாறினால் அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கை கூறுகிறது. இதன் அருமை எங்களுக்கு முழுமையாக விளங்கியது, எங்கள் ஆங்கிலேயத் தோழி ஒருவர் பட்ட பாட்டைக் கண்டபோதுதான்.

அவர் எங்களுடன் இரண்டு கோடைக்காலங்கள் கோத்தகிரியில் தங்கியவர். அரவேணு பக்கம் ஒரு வீட்டைப் பார்த்து மனம் தோய்ந்து, வாங்கிவிட வேண்டும் என்று துடித்தார். இந்திய வம்சாவளியல்லாத, வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் இங்கே அசையாச் சொத்து வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. ஐந்து ஆண்டுக்கு மிகாமல் குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவே. தரகர் ஒருவர், ஒரு நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் தங்கிவிட்டால் வாங்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார். இது பாதி உண்மை என்பதால் பொய்யைவிட ஆபத்தானது. நாள் கணக்கோடு, வேலைக்காகவோ தொழிலுக்காகவோ காலவரையின்றித் தங்கும் நோக்கத்துக்காகவோ வந்தவராகவும் இருந்தாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து நாட்களை எண்ணுவதால் அந்தத் தகுதி வராது. அதே தரகர், உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரம் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையையும் சொன்னார். அது பினாமிப் பரிவர்த்தனை. 2016-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி சொத்து பறிமுதலாவதுடன் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. தோழி குத்தகையோடு நிறுத்திக்கொண்டார். அவர் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் வெளிநாட்டு விருந்தினரின் விவரப் படிவத்தை (2025 வரை சி படிவம் எனப்பட்டது) இணையவழியில் பதிந்துவிட வேண்டும். ஒரு வருகையில் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. அவர் எங்கள் வீட்டில் தங்கும்போது அந்தப் படிவத்தை நாங்களே நிரப்புகிறோம். விருந்தினர்தானே என்று இதை விட்டுவிடுபவர்கள் மலையில் பலர் இருக்கிறார்கள், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் குடியிருப்பு வீடோ வணிகக் கட்டடமோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றும் கூடாது. சமவெளியில் இது பெரிய தடையாகத் தெரியாது. நீலகிரியில் இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது, ஏனென்றால் இங்கே கண்ணுக்கு அழகான இடம் எதுவாயினும் அதைச் சுற்றித் தேயிலை இருக்கும். நாங்கள் முதலில் விரும்பியது கீழ்க்கோத்தகிரி வழியில் ஒரு ஏக்கர் தேயிலையின் நடுவே நின்ற வீடு. பட்டா தெளிவாக இருந்தது. வில்லங்கச் சான்றிலும் குறை இல்லை. கோவையில் எங்கள் வழக்கறிஞர் வருவாய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, நிலம் புன்செய், பயிர் தேயிலை, உங்களுக்கு ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விற்பவருக்கு அது மோசடியாகவே தோன்றவில்லை. உள்ளூர்க்காரர் வாங்கியிருந்தால் எந்தச் சிக்கலும் இருந்திருக்காது. ஆனால் நாங்கள் வாங்கியிருந்தால், தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கக்கூடிய மீறலாக அது ஆகியிருக்கும். பிறகு வீட்டுமனையாக வகைப்படுத்தப்பட்ட இடத்தில், கட்டட அனுமதி உள்ள வீடாகத் தேட ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டு வீணாகப் போனதாக நான் நினைக்கவில்லை. பணம் வங்கி வழியாக, வெளிநாட்டு வருமானத்தைப் போட்டுவைக்கும் எங்கள் என்ஆர்இ கணக்கிலிருந்து மட்டுமே போயிற்று. பின்னாளில் விற்றால் அந்தப் பணத்தை வெளியே கொண்டுபோக இந்தத் தடம் தேவைப்படும் என்பதால், ஒவ்வொரு வங்கி ரசீதையும் பத்திரத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறோம்.

அட்டை ஆயுளுக்கும் செல்லும் என்றாலும், அதோடு ஒட்டியிருக்கும் பாஸ்போர்ட்டுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். என் பாஸ்போர்ட் 2016-இல் புதுப்பிக்கப்பட்டது. எங்கள் காலத்து அட்டைக்கான விசா ஒட்டுவில்லை பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது. அது வீட்டு அலமாரியில் கிடந்தது. 2017-இல் விமான நிலையத்தில் பயணப் பதிவு செய்யும் ஊழியர் பழைய பாஸ்போர்ட்டைக் கேட்டார். அன்றைய விமானத்தில் என்னை ஏற்றவில்லை. மறுநாள் வேறு பயணச்சீட்டு வாங்கி, பழையதையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். ஐம்பது வயதுக்குப் பின் பாஸ்போர்ட் மாறினால் ஒருமுறை அட்டையை மறுபடியும் பெற வேண்டும் என்ற அன்றைய விதியும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 2021-இல் இந்த விதிகளை எளிதாக்கிவிட்டார்கள். பழைய பாஸ்போர்ட்டைச் சுமக்க வேண்டியதில்லை. இருபது வயதுக்குள் அட்டை பெற்றவர், இருபது நிறைந்து புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருமுறை மறு அட்டை வாங்கினால் போதும். மற்றபடி இருபது வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டுக்கும், ஐம்பது நிறைந்தபின் ஒருமுறையும், பாஸ்போர்ட் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புகைப்படத்தையும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும்.

இத்தனை ஆண்டுகளில் மறக்க முடியாதது 2020. அவ்வாண்டு ஏப்ரலில் ஓடு மாற்றும் வேலையை முன்னின்று பார்க்கப் பயணச்சீட்டு எடுத்திருந்தோம். மார்ச் 13 முதல் ஓசிஐ அட்டைதாரரின் விசா இல்லாப் பயண வசதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆயுள் முழுவதும் என்று அச்சிட்ட ஒன்று ஓர் அறிவிப்பில் நிற்கக்கூடும் என்று அதுவரை நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. தொற்றின் அச்சத்தில் பல நாடுகள் எல்லையை மூடின. அந்த முடிவில் நான் குறை காணவில்லை. மே மாதம் சில பிரிவினருக்குத் தளர்வு வந்தபோது, குடும்பத்தில் மரணம் போன்ற அவசரம், பெற்றோர் இந்தியாவில் இருக்கும் மாணவர்கள், கணவன் மனைவியில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருப்பது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. சொந்த வீடு இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருப்பவர், இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர், ஜூனில் துபாயிலிருந்து மீட்பு விமானத்தில் ஊர் திரும்பினார். ஜூலையில் தென்மேற்குப் பருவமழை பெய்தபோது எங்கள் படுக்கையறைச் சுவர் நனைந்து சுண்ணாம்பு உதிர்ந்த படங்களை, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்டோபர் 22 அன்று அட்டைதாரர் அனைவருக்கும் வழி திறந்தது. நாங்கள் வந்து சேர்ந்தது 2021 பிப்ரவரியில்.

அன்று வாசலில் காத்திருந்தது அந்தத் தம்பியின் தாயார். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அவருடைய பெற்றோர் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கொழுந்து பறித்தவர்கள். “காயிதம் சரியா இருக்கணும்மா. அது இல்லேன்னா பொறந்த ஊரும் நம்மள வெளியில நிறுத்திடும்” என்றார். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர்.

நாட்களைக் கணக்கிடுவது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அட்டை எத்தனை நாளும் தங்கவிடுகிறது. ஆனால் வருமான வரிச் சட்டம் தனியாக எண்ணுகிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாளை எட்டினால் இந்தியாவில் வசிப்பவராகிவிடுவோம். இந்திய வருமானம் பதினைந்து லட்சத்தைத் தாண்டுபவருக்கு, 2020-இல் வந்த மாற்றத்தால், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் தங்கியிருந்தால், அந்த எல்லை 120 நாளாகக் குறைகிறது. அந்நியச் செலாவணிச் சட்டமோ முந்தைய நிதியாண்டின் நாட்களையும் தங்கும் நோக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அதன்படி வசிப்பவராகிவிட்டால் என்ஆர்இ கணக்கையும், இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கையும் மாற்றியாக வேண்டும். பிரிட்டனின் வரியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. 2013 முதல் அவர்களுக்கும் தனியாக ஒரு வசிப்புச் சோதனை உண்டு. ஒரே பயணம் இரண்டு நாட்டுக் கணக்கிலும் வெவ்வேறு ஆண்டில் விழுவது எங்களுக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. ஆகவே வருகை, புறப்பாட்டுத் தேதிகளைக் கணவர் ஒரு நோட்டில் எழுதிவருகிறார். நவம்பரில் வந்து ஏப்ரல் கடைசியில் திரும்பும்படி பயணத்தை அமைத்து, இரு நிதியாண்டுகளில் நாட்களைப் பிரித்துக்கொள்கிறோம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கணக்காளரிடமும் இதே நோட்டைத்தான் காட்டுகிறோம்.

நிரந்தரமாக இங்கேயே வந்துவிடலாம் என்ற ஆசையை நிறுத்திவைத்திருப்பது கணவரின் ஓய்வூதியம். பிரிட்டன் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும்; ஆனால் இந்தியாவில் வசிக்கச் செல்பவருக்கு அந்த உயர்வு கிடையாது. போன நாளில் இருந்த தொகையே நிலைத்துவிடும். இருபது ஆண்டு கழித்து அந்தத் தொகை எதற்குப் போதும் என்று எண்ணிப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. அங்குள்ள அரசு மருத்துவமும் வழக்கமாக அங்கே வசிப்பவருக்கே இலவசம். கோத்தகிரியில் மூட்டுவலிக்கு மருந்து கிடைக்கும். பெரிய சிகிச்சை என்றால் மேட்டுப்பாளையம் வழியாக மலையிறங்கிக் கோவைக்குத்தான் போக வேண்டும்.

விற்பனையைப் பற்றி நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டே பணம் தர வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நேரில் வர முடியாமல் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை; எங்கள் கார் கோவைப் பதிவு என்பதால் ஒவ்வொரு முறையும் எடுக்கிறோம். இரண்டு நிமிட வேலை.

எங்களுக்குப் பின் வீடு மகளுக்கு. அவள் பிரிட்டனில் பிறந்தவள். சிறு வயதிலேயே ஓசிஐ வாங்கிவிட்டோம். அவள் கணவர் இந்திய வம்சாவளி அல்லர். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்தபின் அவரும் விண்ணப்பித்துப் பெற்றார். ஆனால் அவருடைய அட்டை அந்தத் திருமணத்தைச் சார்ந்தது. பேரனுக்குச் சென்ற ஆண்டு அட்டை வந்தது. பிரிட்டனில் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும். அவனுடையது 2029-இல் முடிகிறது; புதியது வந்த மூன்று மாதத்துக்குள் நகல் ஏற்ற வேண்டும் என்று, வருகைத் தேதிகள் எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், மகளின் கையெழுத்தில் குறித்துவைத்திருக்கிறோம்.