வீடு தேடி வரும் சோபா ஷாம்பூ வாஷ்: வெல்வெட்டுக்கும் பட்டுக்கும் சரிப்படுமா?

பாலியஸ்டர் துணி போட்ட சோபாவா? தாராளமாகக் கூப்பிடலாம். விஸ்கோஸ் (ரேயான்) வெல்வெட், பட்டு, லினன் (ஆளி நார்த் துணி) என்றால் நாலு கேள்வி கேட்காமல் கையில் ஒப்படைக்காதீர்கள்.

வருபவர்கள் முதலில் வேக்குவம் போட்டுத் தூசி எடுப்பார்கள். இந்தச் சேவையில் உருப்படியான பகுதி இதுதான். அடுத்து பக்கெட்டில் ஷாம்பூவை நுரைக்க அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்தை மெஷினால் உறிஞ்சுவார்கள். கோளாறு இங்கேதான். விஸ்கோஸ் நூல் நனைந்தால் பாதியளவு வலுவை இழந்துவிடும். அந்த நேரத்தில் பிரஷ் பட்டால் வெல்வெட்டின் முடி படுத்துவிடும், பிறகு எழாது. பட்டுக்குக் காரம் (அல்கலி) ஆகாது. பல ஷாம்பூக்கள் காரத்தன்மை உள்ளவை. லினனில் அளவுக்கு மீறி ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் அழுக்கு காயும்போது மேலே வந்து பழுப்பு வளையமாக நிற்கும்.

குஷன் உறையின் ஜிப்புக்கு உள்ளே லேபிள் இருக்கிறதா பாருங்கள். டபிள்யூ என்றால் தண்ணீர் படலாம். எஸ் என்றால் தண்ணீர் கலக்காத டிரை கிளீனிங் திரவம் (சால்வென்ட்) மட்டும். எக்ஸ் என்றால் வேக்குவம் தவிர எதுவும் கூடாது. சால்வென்ட் கொண்டு வருவார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பலரிடம் இருப்பது ஷாம்பூ மட்டும்தான்.

ஆசாரியிடம் சொல்லிச் செய்த சோபாவில் லேபிள் எங்கே இருக்கப்போகிறது? அடிப்பக்கத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்கின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் பாலியஸ்டர். காகிதம்போல் எரிந்தால் விஸ்கோஸ், பருத்தி, லினன் இவற்றில் ஒன்று. முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி.

வேலை தொடங்கும் முன் சோபாவின் பின்புறம் கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் நுரை தடவி, வெள்ளைப் பருத்தித் துணியால் அரை நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிடலாம். ஒட்டாவிட்டாலும் அந்த இடம் முழுக்கக் காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள், ஈரத்தில் வளையம் தெரியாது.

சரி, துணி இந்தச் சோதனையில் தேறிவிட்டது. பக்கெட்டில் மேலே நிற்கும் நுரை மட்டும் போதும், அடியில் தேங்கும் தண்ணீர் வேண்டாம். பிரஷ்ஷுக்குப் பதில் மெத்தென்ற வெள்ளைத் துணி, அதுவும் முடி சாயும் திசையில். பிறகு பிழிந்த ஈரத்துணியால் நுரையைத் துடைத்தெடுத்து, அதே இடத்தில் இரண்டு முறை உறிஞ்ச வேண்டும். ஷாம்பூ தங்கினால் பிசுபிசுத்து, முன்னைவிட வேகமாக அழுக்கேறும். பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள், நின்று பார்த்துக்கொள்ளுங்கள். காய வைக்க ஃபேன் போதும், வெயிலில் நிறம் வெளுக்கும். மழைக்காலத்தில் புக் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் ஃபோம் காயாமல் முடைநாற்றம் அடிக்கும்.

சமையல் சோடா தூவும் யோசனையும் வேண்டாம். அதுவும் காரம்தான், வெல்வெட் முடிக்குள் போனால் எளிதில் வராது.

எக்ஸ் லேபிள் இருந்தாலோ பட்டு என்று தெரிந்தாலோ வேக்குவம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஷாம்பூ வாஷுக்கான முழுக் கட்டணமே கேட்டாலும், துணி மாற்றுகிற செலவுக்கு அது மலிவு.