தோட்டம் வரையும் மென்பொருள்: நான்கு வருடத்துக்குப் பிறகு

வாங்கிய வாரமே எழுதியிருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன். முப்பரிமாணக் காட்சியில் பூச்செடிகளை இழுத்து இழுத்து வைத்ததில் மூன்று இரவு தூக்கம் போனது. இப்போது அந்தக் காட்சியை நான் திறப்பதே அபூர்வம்.

உண்மையில் உழைத்தது தட்டையான வரைபடம்தான். அதுவும் நாம் ஒழுங்காக அளந்து கொடுத்தால். மனை செவ்வகம் என்று நம்பி முதலில் நீள அகலம் மட்டும் போட்டேன். நடைபாதையின் கடைசிக் கல் சுவரில் முட்டி நின்றது. மூலை 90 டிகிரியே இல்லை! பிறகு வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு மரத்துக்கும், வேலி முனைக்கும் டேப் பிடித்தேன். அந்தத் தூரங்களில் இரண்டு வட்டம் போட்டால், அவை வெட்டும் இடத்தில் மரம். பள்ளிக்கூடத்து காம்பஸ் வேலைதான். மூலையைச் சோதிக்க 3, 4, 5 மீட்டர் முக்கோணக் கயிறு; 3-ம் 4-ம் சேரும் மூலை சரியாக 90 டிகிரி. அரை நாள் போனது. அதற்குப் பிறகு திரைக்கும் தரைக்கும் சண்டையில்லை.

நிழல் காட்டும் வசதிக்காகவே இதை வாங்கலாம். அட்சரேகை, தேதி, நேரம் கொடுத்தால் எந்தப் பாத்தியில் எப்போது வெயில் என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் பொய் சொல்கிறது என்று திட்டினேன். பக்கத்து வீட்டை வரையாமல் விட்டது நான். அதை வெறும் பெட்டியாக, உயரம் மட்டும் சரியாக வைத்து நிறுத்தியதும் காலை பத்து மணி நிழல் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. இன்னொன்று, திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு. இதற்கு வேண்டியது உண்மை வடக்கு, அதாவது வட துருவம் இருக்கும் திசை.

செடி நூலகம்தான் எரிச்சல். அமெரிக்க வேளாண் துறையின் 13 மண்டலங்களை வைத்துச் செடி சிபாரிசு செய்கிறது. அந்த மண்டலங்கள் பிரிக்கப்பட்டிருப்பது ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்து. குளிரில் செடி தாக்குப்பிடிக்குமா என்பதற்கு மட்டுமே அதில் விடை உண்டு. வெயில், மழை, மண் எதற்கும் இல்லை.

நட்ட நாளின் அளவில் பார்த்தபோது பாத்தி மொட்டையாகத் தெரிந்தது. இடைவெளியெல்லாம் செம்பருத்தி வைத்து நிரப்பினேன். மூன்றாம் வருடம் பாதியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. செடியின் வயதைக் கூட்டிப் பார்க்க ஒரு ஸ்லைடர் இருந்தது, நான்தான் தொடவில்லை. இப்போது செடிப் படமே வைப்பதில்லை. முழுதாய் வளர்ந்தால் வரும் அகலத்துக்கு ஒரு வட்டம், அவ்வளவே.

ப்ரிண்ட் எடுக்கும்போது, தாளுக்கு ஏற்றபடி சுருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 1:100-ல் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு மீட்டர்; சுருங்கிய தாளில் ஸ்கேல் வைத்து அளந்து குழி தோண்டினால் எல்லாம் நகர்ந்துவிடும்.

சந்தா முடிந்த மாதம் என் ஃபைலை நான் பார்க்க மட்டும் முடிந்தது, திருத்த முடியவில்லை. நல்ல வேளை, மற்ற வரைபட மென்பொருள்களும் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் வடிவத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருளில் அது திறந்தது. புதுக் கொடிப்பந்தலை அதில்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். முப்பரிமாணம் கிடையாது, தேடவும் இல்லை.