சில்லு மீட்டரா, ஸ்மார்ட் மீட்டரா: வன்னி வீட்டுக்கு எது தோது?

லண்டனில் இருக்கும் மச்சாள் வீடியோ கோலில் தன் குசினி மேசையிலுள்ள சின்னத் திரையைக் காட்டுவாள். கேத்திலைப் போட்டதும் அதில் காசு ஏறும். எங்கள் கிளிநொச்சி வீட்டில் இன்னும் சில்லுச் சுற்றும் மீட்டர்தான். மாதம் ஒருக்கால் மீட்டர் பார்க்கிறவர் படலையில் நின்று "நாயைக் கட்டுங்கோ" என்பார். நாளைக்கு மச்சாள் வீட்டில் இருப்பது போல, கணக்கைத் தானே சிக்னலில் அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரைப் பூட்ட வந்தால் ஓம் என்பதா, வேண்டாம் என்பதா?

முதலில் காசு. எங்கள் கட்டணத்தில் 60 யூனிட் ஒரு வயல் வரம்பு மாதிரி. அதற்குள் நின்றால் விலை குறைவு. 61 ஆனால் அந்த ஒரு யூனிட்டோடு போகாது. முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூடும். ஆகவே மாத நடுவில் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் அதைக் கைபேசியில் காட்டும். சில்லு மீட்டரும் காட்டும், எழும்பிப் போய்ப் பார்த்தால். அம்மா பில்லில் இருக்கும் எண்ணைக் கலண்டரில் எழுதி வைத்து, இருபதாம் நாள் மீட்டர் எண்ணிலிருந்து அதைக் கழித்துப் பார்ப்பார். 45 தாண்டியிருந்தால் அயன் பெட்டிக்கு லீவு. இதில் இரண்டும் சமம்.

அடுத்தது நேரக் கட்டணம். மின்சார விலைப்பட்டியலில், விரும்பும் வீடுகளுக்கு, மூன்று நேர விலையும் உண்டு: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், இரவு 10.30 வரை உச்சம், பிறகு விடியும் வரை மலிவு. சில்லு மீட்டரால் நேரம் பிரித்து எண்ண முடியாது. ஆனால் எங்களுக்கு லைட், ஃபேன், டிவி, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே அந்த உச்ச நேரத்தில்தான். மலிவு நேரத்தில் தோட்டத்து மோட்டரைப் போடலாமே என்பார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் பதினொரு மணிக்கு மோட்டர் போடப் போனால் யானைதான் வரவேற்கும்.

எனக்கு உண்மையான பயம் முற்பணம். ஸ்மார்ட் மீட்டரைத் தூரத்திலிருந்தே ரீலோட் முறைக்கு மாற்றலாம். காசு முடிந்தால் வெளிச்சமும் முடியும். நாட்கூலிக்காரருக்கு அது வசதி என்று ஒரு கதை உண்டு. கால் போத்தல் மண்ணெண்ணெய் வாங்கிய காலம் போல, இருக்கிற காசுக்கு வாங்கலாம். சரி, ஆனால் காலபோக நெல் விற்றுத்தான் கடன் அடைக்கிற வீட்டுக்கு, லைன் வெட்டப் போவதாகச் சொல்லும் சிவப்பு நோட்டீஸ் வரைக்கும் கிடைக்கும் தவணை பெரிய ஆறுதல். இங்கிலாந்திலேயே கடன்பட்ட வீடுகளுக்கு மின் கம்பனிகள் முற்பண மீட்டரைப் பலவந்தமாகத் திணித்ததால், 2023 பெப்ரவரியில் அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஓஃப்ஜெம் அதை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. அங்கே ஸ்மார்ட் மீட்டரே வேண்டாம் என்று சொல்லவும் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

வீட்டில் ஆள் இல்லாத நேரம் கணக்கில் தெரியும் என்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விசயம் அது. சிக்னல்தான் கேள்வி: துணுக்காய் உள்ளூர்களில் கோல் எடுக்கவே முற்றத்துக்கு வர வேண்டும். சிக்னல் இல்லாவிட்டாலும் மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கும். அப்புறம் பழையபடி ஆள் வந்து பார்க்க வேண்டியதுதான்.

கூரையில் சோலார் போட்டு, கடைக்கு இரண்டு ஃபிரிட்ஜும் வைத்திருக்கிற அண்ணா ஸ்மார்ட் மீட்டரை எடுக்கட்டும். அவருக்கு எந்த மணிக்கு எவ்வளவு என்ற கணக்கு தேவை. எங்கள் வீட்டுக்கு வந்தால், கேட்காமல் ரீலோட்டுக்கு மாற்றமாட்டோம் என்று எழுத்தில் தந்த பிறகுதான் நாயைக் கட்டுவேன்.